ஞானகுமாரி பேசாத வசனம்

கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சந்தேகப்படுகிறவர்களுக்காகக் கொரட்டூர் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கிழக்கே பார்த்துச் சத்தியம் செய்து கொடுக்கத் தயார். அந்த அளவுக்குத் தண்ணீர் இல்லாத மாதமென்றால் இருக்கிற தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு செய்துவிடலாம். சத்தியத்துக்கு ஆழம் முக்கியமில்லை.

அன்று சனிக்கிழமை. காலை ஏழரை மணிக்கு ஞானகுமாரி இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மகன் டேனி அடுப்படி வாசலில் நின்றுகொண்டு அவளைப் பிழிந்துகொண்டிருந்தான்.

“ஒரே ஒரு வார்த்தைம்மா. நேர்ல கூட வேணாம், போன்லயே போதும்னு சித்தப்பா சொல்றாரு.”

அவள் அச்சை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

“மன்னிச்சிடுங்க தம்பின்னு சொன்னா உனக்கு என்னம்மா கொறஞ்சிடப் போவுது?”

“மாவு ஆறுது. தட்டை எடுத்து வை.”

“எட்டு வருஷமா இப்படியே பேச்ச மாத்து…”

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர் வேதமுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். அது அவர் ஏற்கெனவே படித்து முடித்த பக்கம்.

விஷயம் இதுதான். கொரட்டூரில் அவர்கள் குடியிருந்த மாடிவீடு வேதமுத்துவின் அப்பா கட்டியது. அப்பா உயில் எழுதாமல் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டதால் வீட்டில் பாதி வேதமுத்துவுக்கு, பாதி அவர் தம்பி ஜஸ்டினுக்கு. வீட்டை விற்றுவிட்டுப் பூந்தமல்லியில் நான்காவது மாடி ஃபிளாட்டுக்கு எல்லோரும் போவதென்று முடிவாகியிருந்தது. பழைய வீட்டை விட்டுப் பிரியும்போது அம்மாக்கள் சுவரைத் தடவித் தடவி அழுவார்கள் என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. ஞானகுமாரி அந்த ரகமில்லை. மொட்டை மாடிக்குப் பதினேழு படி. துணி காயப்போட ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கி அவளுடைய இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பூந்தமல்லியில் லிஃப்ட் இருந்தது. பொத்தானை அமுக்கினால் கதவு தானாகத் திறந்து வழிவிட்டது. முப்பத்து நான்கு வருடத்தில் அவளுக்கு அப்படி வழிவிட்டவர் வேறு யாருமில்லை. அவள் போகத் துடித்துக்கொண்டிருந்தாள்.

தடை இரண்டு. பதினோரு மாதத்தில் பத்தொன்பது பேர் பார்த்துவிட்டுப் போய், ஒருவரும் திரும்பி வரவில்லை என்பது ஒன்று. அப்படியே யாராவது வந்தாலும், “அண்ணி மன்னிப்பு கேக்கட்டும், அப்புறம் கையெழுத்து போடறேன்” என்று ஆவடியில் ஜஸ்டின் பேனாவை மூடி வைத்திருந்தார் என்பது மற்றொன்று.

மன்னிப்பு எதற்கு என்றால், எட்டு வருடத்துக்கு முன் மாடியில் மனைவி சரசாவோடு குடியிருந்த ஜஸ்டினை, “உங்க அண்ணிக்கு நீங்க இங்க இருக்கறது ஒத்துவரல, வேற ஊடு பாத்துக்கோ” என்று வேதமுத்து தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஞானகுமாரிக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது. ஜஸ்டின் சபை பேண்டில் ட்ரம்பெட் வாசிப்பவர். தினமும் காலை ஏழு மணிக்கு மாடியில் பழகுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வேதமுத்து தலையணையில் தலை வைக்கும் நேரமும் அதுதான். சத்தம் தாங்கவில்லை. அதைத் தம்பியிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. மனைவியின் பேர் கைக்குச் சுலபமாக எட்டியது, எடுத்துப் போட்டுவிட்டார்.

சரசா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது முகத்தைத் திருப்பிய விதத்தில்தான் ஞானகுமாரிக்கு ஏதோ நடந்திருக்கிறதென்று புரிந்தது. அன்று மதியமே கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டும் சும்மா இருந்தாள். உண்மையைச் சொன்னால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு அறுந்துபோகும்; என்னோடு அறுந்தால் பரவாயில்லை, நான் வெளியிலிருந்து வந்தவள்தானே என்று நினைத்தாள். அன்றிலிருந்து குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் இலைக்கு வரும் பிரியாணியில் துண்டு இருக்காது. குஸ்காவாகத் தின்றுவிட்டு, ‘ருசியா இருந்துச்சு’ என்று சொல்லிக் கைகழுவுவாள். அப்போது புனாவில் வேலையிலிருந்த டேனிக்கும் ஊர் சொன்ன கதைதான் தெரியும்.

இடியாப்பம் தட்டுக்கு வந்த நேரத்தில் மருமகள் ரெனிதா பெட்டியை உருட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையாக ஒரு வாரம் பெங்களூர்.

“மாமா, நான் நல்லா படிச்சுப் பாத்துட்டேன். நம்ம வீடு விக்காததுக்குக் காரணம், நாம ஸ்டேஜிங் பண்ணல.”

வேதமுத்து செய்தித்தாளை இறக்கினார். “என்னம்மா சொன்ன?”

“ஸ்டேஜ் பண்ணணும் மாமா. வெளிநாட்டுல எல்லாரும் அப்படித்தான் விக்கறாங்க. இந்தப் பதினாலு வசன காலண்டரையும் கழட்டணும், கூடத்துல இருக்கற மூணு பீரோவையும் ஒளிச்சு வைக்கணும், மஞ்ச லைட்டு போடணும். கண்ணாடிக் கிண்ணத்துல எலுமிச்சம்பழம். உள்ள நுழைஞ்சதும் காபி வாசன வரணும். இங்க ஒரு சந்தோஷமான குடும்பம் வாழுதுன்னு பாக்க வர்றவங்க நம்பணும். நம்பிட்டா வாங்கிடுவாங்க.”

“ஸ்டேஜு போட்டு, சந்தோஷமான குடும்பம்னு நம்ப வைக்கணும்.”

“கரெக்ட் மாமா. வந்து மீதியச் சொல்றேன்,” என்று அவள் வண்டியேறிவிட்டாள்.

அவள் இன்னும் இரண்டு நிமிடம் நின்று பேசியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. ஏனென்றால் அவள் சொன்னது வீட்டை ஒழுங்குபண்ணிக் காட்டுவதைப் பற்றி. கேட்டுக்கொண்டிருந்தவரோ சபையில் முப்பத்திரண்டு வருடமாகக் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறவர்.

வேதமுத்துவின் நாடகங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவருடைய நாடகத்தில் வசனம் தவறவே தவறாது. நடிகர் மறந்துவிட்டால், மேடையில் எந்த வேஷத்தில் எங்கே நின்றாலும் அந்த வசனத்தை அவரே உரக்கச் சொல்லிவிடுவார். ஒரு வருடம் மரியாளாக நடித்த பெண்ணுக்குக் கூட்டத்தைப் பார்த்து நா எழவில்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்றாவது சாஸ்திரியாகத் தாடியும் கிரீடமுமாக நின்ற வேதமுத்து, “இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை” என்று அடிக்குரலில் முழங்கினார். சபையில் யாரும் சிரிக்கவில்லை, பழகிவிட்டது. தூக்கத்தில்கூட அவர் அப்படித்தான் என்று ஞானகுமாரி சொல்வாள்.

ரெனிதா பெங்களூரிலிருந்து திரும்பியபோது வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலண்டர்கள் போயிருந்தன. பீரோக்கள் போயிருந்தன. கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் இருந்தது. கூடத்தின் குறுக்கே சிவப்புத் திரை தொங்கியது.

“மாமா, இது என்ன?”

“நீ சொன்னதுதாம்மா. எண்பது பக்க நோட்டுல முதல் காட்சி எழுதிட்டேன். உங்க அத்தைக்குப் பாடம் ஆயிடுச்சு.”

மறுத்துப் பேச நேரமில்லை. வீட்டுப் புரோக்கர் லட்சுமணன் இரண்டு குடும்பங்களை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். திரை விலகியது. வேதமுத்து சோபாவில் வீற்றிருந்தார். ஞானகுமாரி பட்டுப்புடவை கட்டி, கையில் டம்ளரோடு வந்து நின்றாள்.

“பிராணநாதா, தங்களுக்குக் காப்பி கொண்டுவந்திருக்கிறேன்.”

“என் இல்லத்து விளக்கே, உனக்கு நன்றி.”

அந்த நன்றியைக் கேட்டு ஞானகுமாரி டம்ளரை நீட்டியபடியே நின்றுவிட்டாள். நோட்டில் அந்த வார்த்தை இருக்கிறதென்று அவளுக்கு முன்பே தெரியும். ஆனாலும் முப்பத்து நான்கு வருடமாக லட்சம் டம்ளர் நீட்டியிருப்பாள், இப்படி ஒரு சொல் திரும்பி வந்ததில்லை. அடுத்த காட்சிக்குத் தேவையில்லாமலே இன்னொரு டம்ளர் கொண்டுபோனாள். நன்றி வந்தது.

பார்க்க வந்த ஆள் ஒருவர், “தண்ணி வசதி எப்படிங்க?” என்று ஆரம்பித்தார். அவருடைய மனைவி தொடையில் கிள்ளினாள். “சும்மா இருங்க, அவங்க பேசி முடிக்கட்டும்.”

இன்னொருவர் போகும்போது மாடியைக் காட்டி, “மேல யாரு இருக்காங்க?” என்று கேட்டுவிட்டார். வேதமுத்துவுக்கு அது ஒரு குறையாகப் பட்டது. கூட்டுக் குடும்பம் என்றால் வீட்டுக்கு இன்னும் மதிப்பு. அடுத்த சனிக்கிழமை மாடிப்படியில் ஒரு ‘தம்பி’ இறங்கி வந்தார். ஆட்டோ ஓட்டும் வேம்புலிதான் அது. சபைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஏரோது ராஜாவுக்கு வேண்டிய சிரிப்பு அவரிடம் மட்டுமே இருந்ததால் பதினான்கு வருடமாக அவர்தான் ஏரோது.

“இன்னா அண்ணி, பசி உயிர் போவுது. இன்னா கீது ஊட்ல?” என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் குழந்தைகளைக் கொல்லப்போகிற ராஜா மாதிரி சிரித்தார். நோட்டில் அப்படி இல்லை. வந்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதன்பிறகு நடந்ததைக் கொரட்டூரில் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். மூன்றாவது வாரம் பதினான்கு குடும்பம். நான்காவது வாரம் பந்தல்காரரிடம் அறுபது நாற்காலி எடுத்தார்கள். ஐந்தாவது வாரம் ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள், வழி கேட்காமலே கூட்டத்தின் பின்னால் நடந்து வந்து சேர்ந்தார்கள். வாசலில் சுண்டல் வந்தது. நெருக்கடியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் நிச்சயதார்த்தமே ஆயிற்று. அவர்கள் இருவரும் தனித்தனியாக வீடு வாங்க வந்தவர்கள். குமணன்சாவடியிலிருந்து நாகவல்லி என்ற ஒரு அம்மாள் தவறாமல் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஐந்து வாரத்தில் அவள் சமையலறை எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டதில்லை.

ரெனிதாவால் வாயைத் திறக்க முடியவில்லை. பதினோரு மாதத்தில் பத்தொன்பது, ஐந்து வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. கணக்குப் படித்த பெண் அந்த எண்களோடு எப்படிச் சண்டை போடுவாள்? அவளுக்கு இருந்த ஒரே வருத்தம் எலுமிச்சம்பழம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிண்ணத்தை நிரப்புவாள். ஞாயிற்றுக்கிழமை ஞானகுமாரி அதை ஊறுகாய் போட்டுவிடுவாள்.

புரோக்கர் லட்சுமணன் மட்டும் நொந்துபோயிருந்தார்.

“சார், எல்லாரும் பாக்கறாங்க. ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க.”

“ஏன், வீடு பிடிக்கலியா?”

“பிடிக்காம என்ன. வாங்கிட்டா நீங்க காலி பண்ணிடுவீங்க, அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு தெரியாமப் போயிடும்னு பயப்படறாங்க சார்.”

வேதமுத்து யோசித்தார். டேனியும் யோசித்தான். அப்பாவும் பிள்ளையும் மொட்டை மாடியில் கூடிக்கூடிப் பேசினார்கள். ஆறாவது வாரக் காட்சி நோட்டில் ஏறியது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஞானகுமாரி வெங்காயம் உரித்துக்கொண்டே நோட்டைத் திறந்து பாடம் பண்ண உட்கார்ந்தாள். மூன்றாவது பக்கத்துக்கு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நோட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

“ஏங்க, இத எழுதினது யாரு?”

வேதமுத்து திரைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தார். “எது?”

அவள் வாசித்தாள். “ ‘அண்ணி, மைத்துனனிடம் கண்ணீரோடு: தம்பி, என்னை மன்னித்துவிடு. அன்று உன்னை இந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னது நான்தான்.’ ”

“கதைக்கு ஒரு முடிவு வேணும் ஞானம். முடிஞ்சாத்தான் வாங்குவாங்க.”

“கதைக்கா? உங்களுக்கா?”

அவர் வளையத்தை எண்ணினார். “டேனி அத போன்ல படம் பிடிச்சு ஜஸ்டினுக்கு அனுப்பிடுவான். நீ மன்னிப்பு கேட்ட மாதிரியும் ஆச்சு, கேக்காத மாதிரியும் ஆச்சு. வெறும் நடிப்புதானே…”

ஞானகுமாரியின் கண் ஏற்கெனவே வெங்காயத்தில் கலங்கியிருந்தது. அதனால் அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

“எட்டு வருஷம் வாய மூடிட்டு இருந்தேன். அது நான் உங்களுக்குச் செஞ்சது. அதுக்கு நான் வருத்தப்படல… ஆனா வாயத் தொறந்து, நான்தான் போகச் சொன்னேன்னு என் நாக்கால சொல்லச் சொல்றீங்களே. எங்க அம்மா செத்தப்போ சரசா எட்டிப் பாக்கல. நான் அதையும் தாங்கிட்டேன். இதுக்கு மேல தாங்கறதுக்கு என்கிட்ட என்னங்க இருக்கு?”

“லிஃப்ட் வேணும்னு நீதானே சொன்ன?”

அவள் நோட்டை மூடி அவர் மடியில் வைத்தாள். “லிஃப்ட்டுக்கு இவ்வளவு கொடுக்க முடியாதுங்க. படி ஏறிக்கறேன்.”

அடுப்படிக்குத் திரும்பி மீதி வெங்காயத்தை உரித்தாள். வேண்டிய அளவுக்கு மேல் உரித்தாள். மூன்று நாளைக்கு அந்த வீட்டில் வெங்காயச் சட்னிதான்.

இதற்கிடையில் ஆவடியில் வேறொன்று நடந்திருந்தது. கொரட்டூரில் யாரோ ஒருவன் ஜஸ்டினாக நடிக்கிறான், அதுவும் கட்டம்போட்ட லுங்கியில் என்று சரசாவின் காதுக்குச் செய்தி எட்டியது. ஜஸ்டின் பதினேழு வயதிலிருந்து பேண்ட்தான் போடுகிறார். எட்டு வருடக் கோபத்தைத் தாங்கிய மனிதருக்கு லுங்கியைத் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, சரசாவையும் அழைத்துக்கொண்டு, லட்சுமணனின் நோட்டில் ‘பிரசன்னா, வாங்குபவர்’ என்று எழுதிவிட்டுக் கடைசி வரிசையில் துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஞானகுமாரி அன்று நடிக்க வந்தாள். வந்திருக்கிறவர்களுக்குக் காபியாவது கொடுக்க வேண்டுமே என்று வந்தாள். திரையோரமாகக் கூட்டத்தைப் பார்த்தவளுக்குக் கடைசி வரிசையில் ஒரு முழங்கால் கண்ணில் பட்டது. அதன்மேல் மூன்று விரல்கள் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தன. ட்ரம்பெட் வாசிக்கிறவன் விரல் சும்மா இருக்காது. முகத்தை மூடினால் போதுமா?

இனி படம்பிடித்து அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆள் நேரிலேயே இருக்கிறார். ஒரு வார்த்தை. சொன்னால் கையெழுத்து, பூந்தமல்லி, லிஃப்ட். பிள்ளை முகம் மலரும். சரசா பேசுவாள். சொல்லாவிட்டால் இதே வீடு, இதே பதினேழு படி, இதே குஸ்கா.

திரை விலகியது. காபி கொடுத்தாள். நன்றி வந்தது. வேதமுத்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார்; காட்சிப்படி அண்ணன் அப்போது ஒன்றும் அறியாதவராக இருக்க வேண்டும். அந்தப் பாகத்துக்கு அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. வேம்புலி படியிறங்கி வந்து கூடத்து நடுவில் நின்றார்.

“அண்ணி, எட்டு வருசமா உம்மேல கோவமாக் கீறேன். மனசுல வெச்சிகினே இருந்தா எனக்குந்தான் வலிக்குது. ஒரே ஒரு வார்த்த சொல்லு. தோ, இப்பவே சரியாப்பூடும்.”

முதல் வரிசையில் நாகவல்லி தயிர்சாதத்தைக் கையில் எடுத்தவள் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

ஞானகுமாரி நிமிர்ந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து டேனி கிசுகிசுத்தான். “தம்பி, என்னை மன்னித்துவிடு…”

அவள் காதில் விழுந்தது. அசையவில்லை.

“அம்மா… தம்பி, என்னை…”

கூடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. மெஷின் பக்கத்தில் மூன்று விரலும் நின்றுவிட்டன. வேம்புலி வேர்த்துப்போய் இன்னொரு தடவை, “சொல்லு அண்ணி” என்றார். அவள் பார்வை ஒருவர் மேலும் இல்லை. நேராக, எலுமிச்சம்பழக் கிண்ணத்துக்கும் மேலே, வெள்ளையடித்த சுவரில் இருந்தது. ஒரு வசனம் விழாமல் மேடை காலியாக நின்றது.

முப்பத்திரண்டு வருடத்தில் வேதமுத்துவின் மேடை அப்படி நின்றதில்லை. அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். பழக்கம் அவரைக் கேட்காமலே வேலையைச் செய்தது. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, மரியாளுக்குக் கொடுத்த அதே அடிக்குரலில், கடைசி நாற்காலிவரை கேட்கும்படி முழங்கினார்:

“தம்பி, என்னை மன்னித்துவிடு. அன்று உன்னை இந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னது நான்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. ஒவ்வொரு தாளாகத் தரையில் போயிற்று. வேம்புலி திகைத்துப்போய், “இன்னா அண்ணாத்தே, அது உன் வசனம் இல்லியே. அண்ணிது” என்றார்.

வேதமுத்து எழுந்து நின்றார்.

“இல்ல வேம்புலி,” என்றார். “என்னுதுதான்.”

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து டேனி தலையை நீட்டினான். “அப்பா?”

“உங்கம்மா ஒண்ணுமே சொல்லலடா. நான்தான்… ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்க முடியல. உன் ட்ரம்பெட்டு தாங்க முடியலடா தம்பின்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அவ பேரச் சொல்லிட்டேன். எட்டு வருஷமா அவ ஒரு வார்த்த மறுத்துப் பேசல…” வேதமுத்து உட்காரப் பார்த்தார். சோபா இருக்கிற பக்கம் மறந்துபோய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசி வரிசையில் ஒரு தொப்பி கழன்றது. முகக்கவசம் கழன்றது. அறுபது நாற்காலியும் ஒரே நேரத்தில் திரும்பிய சத்தம் ரயில் பெட்டி இணைக்கிற மாதிரி இருந்தது.

“ட்ரம்பெட்டா?” என்றார் ஜஸ்டின். “ஒரு ட்ரம்பெட்டுக்காகவா அண்ணே… வாசிக்காதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏரிக்கரையில போய் வாசிச்சிருப்பேனே.”

“தோணலடா.”

“அண்ணிய நாங்க என்னவெல்லாம்… கல்யாணத்துல…” நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்து ஞானகுமாரியின் காலில் விழப்போனார்.

“எந்திரிங்க தம்பி,” என்று அவர் தோளைப் பிடித்தாள் அவள். “பேண்ட் அழுக்காயிடும். காலையில காபி கொட்டின எடம்.”

“ஏன் அண்ணி சொல்லல? ஒரு தடவ வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா அண்ணன விட்டுருப்பீங்க. அவருக்குன்னு இருக்கற ஒரே கூடப்பொறப்பு நீங்க.” பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், “எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும் தம்பி. முதல் பாட்டு முடிஞ்சா இட்லி வெந்துடுச்சுன்னு அர்த்தம். நீங்க போனப்புறம் எத்தனையோ நாள் இட்லி கல்லாப் போச்சு” என்றாள்.

சரசா பின்னாலேயே வந்திருந்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றவள், திடீரென்று ஞானகுமாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “அக்கா… பிரியாணி பரிமாறினதெல்லாம் நான்தான்க்கா… வேணும்னேதான்க்கா…”

“தெரியும்,” என்று அவள் முதுகைத் தட்டினாள் ஞானகுமாரி. “கரண்டி என் இலைக்கு வந்தா மட்டும் அப்படி ஒரு தினுசாத் திரும்பும். எனக்குத் தெரியாதா?”

டேனி அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை. “காலையில கூட உன்ன…” என்றான். “விடு” என்றாள். எட்டு வருடமாக விலாவுக்குள் செருகியிருந்த ஏதோ ஒன்று நழுவி இறங்கிவிட்டது போல அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். தரையில் உட்கார்ந்திருந்த கணவரைக் கடைசியாகத்தான் பார்த்தாள்.

“எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

“மன்னிச்சிடு ஞானம்.”

“இத நோட்டுல எழுதிட்டீங்களா?”

“இல்ல.”

“அப்போ சரி,” என்று கையை நீட்டித் தூக்கிவிட்டாள்.

அதன்பிறகு கைதட்டல் எழுந்தது. எத்தனை நேரம் என்று அளந்தவர்கள் இல்லை. ஆனால் அது ஓய்ந்தபோது காபி இரண்டாம் டிகாக்‌ஷனுக்கு வந்திருந்தது. நாகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு, லட்சுமணனை விரலால் அழைத்தாள்.

“அடுத்த வாரம் உண்டா தம்பி?”

“இனிமே என்னம்மா இருக்கு? முடிஞ்சு போச்சே.”

“நல்லாத் தெரியுமா?”

“அண்ணன் தம்பி சேந்துட்டாங்க. இதுக்கு மேல என்ன கதை?”

“அப்போ சரி,” என்றாள் நாகவல்லி. “ஊடு இன்னா வெல?”

அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். நாற்பது நிமிடத்தில் பேச்சு முடிந்தது, நாகவல்லிக்கே கொடுத்தார்கள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: வேம்புலி சனிக்கிழமைகளில் வந்து ஒரு தடவை மாடிப்படி இறங்க வேண்டும். “அதுக்கு இன்னாமா, காபி குடுத்தா போதும்” என்று ஒப்புக்கொண்டார் வேம்புலி. ரெனிதா அன்று தன் மடிக்கணினியில், வீட்டை ஸ்டேஜ் செய்து ஆறே வாரத்தில் விற்றதாக ஒரு கட்டுரை எழுதி அலுவலகத்தில் எல்லோருக்கும் அனுப்பினாள். அதில் எலுமிச்சம்பழத்துக்குத் தனி அத்தியாயம்.

பத்திரப் பதிவு அன்று ஜஸ்டின் பேனாவைத் திறந்து, அண்ணி சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அண்ணி சொல்லாத ஓர் இடத்திலும் போட்டு எழுத்தரிடம் திட்டு வாங்கினார். எல்லோருமாகப் பூந்தமல்லிக்குப் போய் நான்காவது மாடியில் பால் காய்ச்சினார்கள். சரசா பிரியாணி செய்திருந்தாள். ஞானகுமாரியின் தட்டில் எட்டுத் துண்டு விழுந்தது, வருடத்துக்கு ஒன்றாக. அவளால் மூன்றுக்கு மேல் முடியவில்லை.

மாலையில் அவள் ஒரு வேலையும் இல்லாமல் லிஃப்டில் கீழே போனாள். மேலே வந்தாள். மறுபடி கீழே போனாள். மூன்றாவது தடவை கதவு திறந்தபோது உள்ளே வேதமுத்து நின்றிருந்தார். நகர்ந்து இடம் விட்டார். இருவரும் இரண்டு தடவை போய் வந்தார்கள்.